விற்பதற்கல்லாத பை

என்னவருக்கு,

வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்று ஏரிக்கரையில் நான் ஓரிடத்தில் உட்காராமல் எழுந்து எழுந்து நடந்தபோது, "உனக்கென்ன, கால்ல சக்கரமா?" என்று கேட்டீர்கள். எறும்பு என்றேன். எறும்பு இல்லை.

சனிக்கிழமை சந்தையில் நான் டீ வாங்கப் போன நேரத்தில், என் பைக் கடை மேசைக்கு அடியில் இருந்த பெரிய நீலப் பையை விற்றுவிட்டீர்கள். நான் திரும்பி வந்ததும், "பாத்தியா, நீ ஒளிச்சு வச்சதைக்கூட வித்துட்டேன். பேசாம என்னை வேலைக்கு வச்சுக்கோ" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மற்ற பைகளைப் போல அதை நான் விற்பதற்காகத் தைக்கவில்லை. என் துணிமணிகளை அதில் அடுக்கிக்கொண்டு உங்கள் ஊருக்கே வந்துவிட நினைத்துத் தைத்தேன். மூன்று வருடமாக நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டி, "கிளம்பலாமா?" என்று கேட்க இருந்தேன்.

பை போனதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றது மனம். அதுதான் என்னை உட்காரவிடவில்லை. நீங்கள் பஸ் ஏறியபோதுகூட, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே கையாட்டினேன்.

இன்று காலை இன்னொரு பைக்குத் துணி வெட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அதைத் தைத்து முடிப்பதற்குள் எனக்கு வேறொரு சாக்கு கிடைத்துவிடும்.

தையல் மெஷினை உங்கள் விலாசத்துக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வர வேண்டாம். அங்கே பஸ் நிலையத்துக்கு வந்து நில்லுங்கள்.

உங்கள்
பைக்காரி