கோமாரிக்குப் பயந்த ஊர்

மெல்பர்ன்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி, அப்பாவின் இருமல், நம் பசு செவலை, மூவரையும் நலம் விசாரித்து உன் வாலு எழுதுவது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

நான் வந்திறங்கிய அன்றே ஏர்போர்ட்டில் உன் திரட்டுப்பால் மாட்டிக்கொண்டது. டப்பாமேல் ‘திருவந்திபுரம் பிரசாதம்’ என்று எழுதி ஒட்டியிருந்தாயே, பெருமாளுக்கே இங்கே விசா இல்லையாம். உள்ளே என்ன என்று ஆபீசர் கேட்டார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். டப்பா குப்பைக்குப் போனது, நான் வெளியே வந்தேன். மறைத்திருந்தால் விசாவே போயிருக்கும்.

இப்போது சிதம்பரம் பெரியம்மா மகள் சுவாதி அக்கா இங்கே படிக்க வரும்போது, பெட்டியில் மறுபடியும் திரட்டுப்பாலைப் புடவைக்குள் சுற்றி அனுப்பப்போகிறாயாம். கூடவே கோழி வறுவல் வேறு! கூடவே கூடாது. ஊர் மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்தபோது, செவலைக்கும் தொற்றிவிடும் என்று, "எவன் மாடும் இந்தப் பக்கம் வரக்கூடாது"ன்னு தெருவையே மறித்து நின்றவள் நீ. இவர்களும் அந்தக் கோமாரிக்குத்தான் பயப்படுகிறார்கள், பால் பண்டத்தோடு அது வந்துவிடுமாம். அக்கா படிப்பு கெட்டால் பெரியம்மா முகத்தில் எப்படி முழிப்பாய்?

"அப்ப எம்புள்ள என்னத்தத் திங்கும்?" என்பாய். இங்கேயே பால் வாங்கிக் காய்ச்சினேன். இரண்டு தடவை அடிப்பிடித்தது. விடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும். வெல்லம் எப்போது போடணும் என்று எழுது.

என்னைத் துரத்துவாயே, அந்த இரும்புக் கரண்டியைக் கழுவி அக்காவிடம் கொடுத்தனுப்பு. அதற்குத் தடையில்லை, கேட்டுவிட்டேன். இங்கே என்னை அடிக்க ஆளே இல்லை அம்மா.

பஸ் வந்துவிட்டது.

இளம்பரிதி