சாம்பலுக்குப் போட்ட மொட்டை

எர்லாங்கன்
3.6.2006

அன்பான அண்ணை,

சுகமா வந்து சேந்திட்டன். விடுதியில நாய் வைச்சிருக்க விடமாட்டினம். பிராக்டிகும் எண்ட இந்த வேலைப் பயிற்சி முடியுமட்டும் சாம்பலை நீங்கள்தான் பாக்கவேணும். மெயில் போட்டாத் திறக்கமாட்டியள் எண்டுதான் பேனை பிடிச்சிருக்கிறன்.

இன்ரநெற்றில நாய் வளக்கிறவையின்ர போரத்தில நோர்வேக்காரர் எழுதினதெல்லாம் கரைச்சுக் குடிச்சிட்டன், கேளுங்கோ. எங்கட சாம்பல் எல்க்ஹவுண்ட். பனிக்குள்ள பெரிய காட்டுமானை மோப்பம் பிடிச்சு, வேட்டைக்காரன் வருமட்டும் குலைச்சே மறிச்சு வைக்கிற சாதி. அதால குலைச்சா ஏசாதேங்கோ, அது அவன்ர வேலை. மணம் பிடிச்சா உங்களைத் திரும்பியும் பாரான், கயிறை விட்டிடாதேங்கோ. சாப்பாட்டுக்குக் கெஞ்சுவான். குடுத்தா ஊதிப்போவான், அண்ணியின்ர இடியப்பமும் வேண்டாம்.

மயிர் ரெண்டு அடுக்கு. உள்ளுக்குப் பஞ்சு, வெளியில முரடு. குளிருக்கு அதுதான் ஜக்கெற், வெயிலுக்கும் அதுதான் குடை. கொட்டேக்க சீப்பால இழுத்துவிட்டாப் போதும். கத்தரி மட்டும் வைக்காதேங்கோ.

அன்புத் தங்கச்சி
கவிசா

ஹம்
28.6.2006

அன்புள்ள கவிக்கு,

நாங்கள் சுகம். இங்க வெயில் கொளுத்துது. உன்ர நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தான், பாக்கப் பாவம். கோயில் திருவிழாவுக்கு எங்கட பெடியள் ரெண்டுபேருக்கும் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டனான். முடிவெட்டுற மிசின் கையிலதானே இருந்தது, அவனுக்கும் அடிச்சுவிட்டன். பெடியள் சந்தனமும் பூசிவிட்டாங்கள். இப்ப காத்துப்பட நிம்மதியாத் திரியிறான்.

நீ எழுதினது ஞாபகம் இருந்தது. ஆனா மயிர்தானே, முளைக்கும்.

அண்ணை
புவனேந்திரன்

எர்லாங்கன்
19.7.2006

புவனேந்திரன் அண்ணைக்கு,

நீங்கள் பக்டரிக்குப் போன நேரம் பாத்து வந்து, அண்ணியிட்டச் சொல்லிப்போட்டு அவனைக் கொண்டுவந்திட்டன். என்னோட வேலை செய்யிற பிளோறன்ஸ் வீட்டில நிக்கிறான். முதுகெல்லாம் வெயிலில வெந்து கொப்புளம். தொட்டா அழுகிறான். குலைக்கிறதையே விட்டிட்டான்.

இனி அவனைப் பாக்கவேணுமெண்டா ஒரு வேலை செய்யுங்கோ. பனி கொட்டேக்க நீங்களும் மொட்டை அடிச்சு, தொப்பி இல்லாமல் ஹம் ஸ்டேசன் வாசலில நிண்டு படம் எடுத்து அனுப்புங்கோ. கண்ணாடிக்கு முன்னால நிண்டு நிண்டு வாருவியளே, அந்த முடியைத்தான் சொல்லுறன்.

மயிர்தானே, முளைக்கும்.

கவிசா

ஹம்
30.1.2007

அன்புத் தங்கச்சிக்கு,

படம் இதோட இருக்கு. காது விறைச்சுப்போச்சு, இப்ப காய்ச்சலோட கிடக்கிறன். வேலையில என்னைப் பாத்துச் சிரிக்கினம். பரவாயில்லை. நான் செய்தது பிழைதான். சாம்பல் எப்ப வருவான் எண்டு பெடியள் கேக்கிறாங்கள். ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா அம்மா.

அண்ணை

எர்லாங்கன்
24.3.2007

அண்ணைக்கு,

படம் கிடைச்சது. வடிவாயிருக்கிறியள். ஆர், என்ன செய்தவர் எண்டு கீழ எழுதிப் போரத்தில போட்டிருக்கிறன். நோர்வேக்காரர் இன்னும் சிரிச்சு முடியேல்ல.

உங்கட முடி பழையபடி வாருற அளவுக்கு வந்திட்டுதாம், அண்ணி சொன்னவ. சந்தோசம். சாம்பலுக்கு முதுகில உள்ளங்கையளவு இடம் வெறுந்தோலாக் கிடக்கு. பனிக்கெண்டே பிறந்தவன், நான் தைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ள நடுங்கிறான். இனி அதில முளைக்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

முளைச்சாக் கூட்டிக்கொண்டு வாறன்.

கவிசா