சத்தமில்லாமல் வந்த பஸ்

மேலூர்,
தாரண வருடம், மாசி மாதம் 9.

அன்புள்ள அண்ணன் நல்லகாமனுக்கு, உன் தங்கை மாயக்காள் எழுதிக்கொண்டது. அழகர் புண்ணியத்தில் நானும் உன் மச்சான் சிவனாண்டியும் பிள்ளைகளும் சுகம். நீ எந்தச் சீமையில் இருந்தாலும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும்.

இதற்கு முன் நான் போட்ட கடிதங்கள் எல்லாம், ஆள் இடம் மாறிப் போய்விட்டார் என்று திரும்பி வந்தன. அடித்த தந்தியும் அப்படியே. நேற்றுத்தான் புது விலாசத்தோடு உன் கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் உன்னைத் திட்டினேன்.

மலைப்பாதையில் பட்டாளத்து லாரி ஓட்டுவதாக எழுதியிருக்கிறாய். இறக்கத்தில் எஞ்ஜினை அணைத்து வண்டியை உருட்டிவிட்டால், துரை தண்டனையாக மூட்டையைத் தலையில் ஏற்றி ஓட விடுவாராம். அதனால் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டாயாம். நல்ல துரை. நம்மைப் பெற்ற ஐயா சொன்னபோது நீ எங்கே கேட்டாய்? மாட்டுத் தீனியில மிச்சம் புடிச்சு எவன்டா வண்டி ஓட்டுனான், பெட்ரோல் மட்டும் என்ன என்று அவர் கேட்டால், உங்களுக்கு மாட்டு வண்டிதான் தெரியும், சும்மா இருங்கய்யா என்று சிரிப்பாய்.

நீ இங்கே பஸ் ஓட்டிய நாளில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட காலம். மாதத்தில் அதிகமாக மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு முதலாளி கரை வேட்டி எடுத்துக் கொடுப்பார். அந்த வேட்டி நம் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதே இல்லை. மேட்டில் ஏறும்போது ஆள் கை காட்டினாலும் நிறுத்த மாட்டாய். பிரேக்கில் கால் வைப்பதைப் பாவம் என்பாய். இறக்கம் வந்துவிட்டால் எஞ்ஜினை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி வருவாய்.

இப்போது உன் பஸ்ஸைச் சங்கிலி அண்ணன் ஓட்டுகிறது. பெட்ரோல் அறவே இல்லை என்று கரி வாயுவில் ஓடுவதற்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டிவிட்டார்கள். மேட்டில் சனங்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். கொட்டாம்பட்டி போய்ச் சேர்வதற்குள் எல்லார் மூஞ்சியும் ஒரே நிறம். நீ அணைத்து அணைத்து மிச்சம் பிடித்தது எம்புட்டு இருக்கும் என்று அதனிடம் கேட்டேன். என்னத்தப் பெரிய மிச்சம் தாயி, அதுல பாதி மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்கே போயிரும் என்றது. இதற்காகத்தானா அத்தனையும் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுத எனக்கு ஆசை இல்லை. ஆனால் நீ பாதியில் ஓடிப்போனவன். மீதியை யாராவது சொல்ல வேண்டும்.

புளியங்கரைக் கோயில் காளை கண்மாய்க்கரை இறக்கத்தில் நடுரோட்டில்தான் படுத்துக் கிடக்கும். மஞ்சுவிரட்டில் எவன் கையும் படாத மாடு. யார் விரட்டினாலும் அசையாது, பஸ் சத்தம் கேட்டால் மட்டும் தானாக எழுந்து ஒதுங்கும். இந்தத் தடத்தில் போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, உனக்கும் தெரியும். அன்றைக்கு நீ சத்தமே இல்லாமல் வந்தாய். ஹாரன் அடித்தேன் என்கிறாய். அடித்தாய்தான், வண்டி அதன்மேல் ஏறப் போகிற நேரத்தில்.

ஊர்ப் பெரியவர் அழகுமலை அம்பலம் உன்னிடம் நஷ்டம் கேட்கவில்லை. அடிக்க வந்தவர்களையும் தடுத்து நிறுத்தினார். கோயில் காளை எங்க ஊருக்கே புள்ள, அது செத்துக் கெடக்கு, கொன்ன கையே முடியிறக்கி மொத மண்ணு போடட்டும், அம்புட்டுத்தான் என்றார். நீ கண்மாயில் குளித்துவிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அப்படியே மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாய். வெட்கத்தில் ஓடினாயா, பயத்தில் ஓடினாயா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சேதி தெரிந்ததும் ஐயா வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். கொட்டும் மாலையுமாகக் காளையைக் கிடத்தியிருந்தார்கள். பெத்தவன் நான் இருக்கேன் என்று கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து மொட்டைக்குத் தலையைக் கொடுத்தார். குழியில் முதல் மண்ணும் அவர்தான் போட்டார். திரும்பி வந்து, இதை நல்லகாமனுக்கு எழுதக் கூடாது, அவன் மனசு ஒடஞ்சு போவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் இருக்கிறவரையில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். அண்ணே, உட்கார்ந்துகொண்டு வாசி. ஐயா ஆவணியில் போய்விட்டார். விஷக் காய்ச்சல், மருந்து எதற்கும் கேட்கவில்லை. கடைசி வரை நினைவு இருந்தது. அவன் பயந்த பய, வந்தா யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க என்றார். தந்தி திரும்பி வந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. நீ புறப்பட்டுவிட்டாய் என்று பொய் சொன்னேன்.

பெற்ற மகன் இல்லாத சாவு என்று ஊர் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, தெரு முனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. புளியங்கரைக்காரர்கள் கோடி வேட்டியும் மாலையுமாக வந்தார்கள். முன்னால் அம்பலம். எங்க புள்ளைக்கு இவரு தலையைக் கொடுத்தாரு, இன்னைக்கு நாங்க கொடுக்கோம் என்றார். பங்காளி முறைக்குச் சோலைதான் கொள்ளி வைத்தான். ஆனால் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த மொட்டைத் தலைகளில் பாதி புளியங்கரைத் தலைகள். அதைப் பார்த்துத்தான் அண்ணே நான் வாய்விட்டு அழுதேன். நீ இல்லையே என்று அழுதேனா, அவர்கள் வந்தார்களே என்று அழுதேனா, சொல்லத் தெரியவில்லை.

புளியங்கரையில் இன்னும் அடுத்த காளை நேர்ந்து விடவில்லை. பழைய காளையோட குழி மேட்டில் மொதல்ல உங்க அண்ணன் கை மண்ணு விழட்டும் தாயி என்று அம்பலம் சொல்லிவிட்டுப் போனார். அதட்டலாகச் சொல்லவில்லை, வீட்டு மனிதர் சொல்வது போலத்தான் சொன்னார்.

சண்டை சீக்கிரம் முடியும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். முடிகிறதோ இல்லையோ, லீவு கிடைத்தவுடன் புறப்படு. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் புளியங்கரைக்குப் போ. ஐயாவுக்காக நீ இறக்க வேண்டிய முடியையும் அங்கேயே இறக்கு. கடமை இரண்டானாலும் தலை ஒன்றுதானே. சேதி அனுப்பு, மாற்று வேட்டியோடு நானும் வந்து நிற்கிறேன். அங்கே உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். நான் மட்டும் ஆசை தீர வைவேன். வையவாவது எனக்கு ஒரு அண்ணன் வேண்டும். உயிரோடு வந்து சேர்.

உன் தங்கை,
மாயக்காள்