நாற்பத்தொன்றாம் பக்கத்து உதாரணம்

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். அதைக் கேட்க போன் செய்ய வேண்டாம். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாணவர்களுக்காக நீ எழுதிய இலக்கியச் சொற்கள் புத்தகத்தை எனக்கு நீ அனுப்பவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரம்மாதான், "உங்க பொண்ணு புத்தகத்தைத்தான் நாங்க பாடமா நடத்துறோம், பெரியவரே" என்று கொண்டுவந்து கொடுத்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு இது எதற்கு என்று நினைத்திருப்பாய். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் மின்சுற்றுப் படத்தையே யாரும் சொல்லித்தராமல் படித்துக்கொண்டவன் நான். உன் புத்தகத்தையும் பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

நன்றாகவே எழுதியிருக்கிறாய். 'அப்பாவின் கோபம் இடி போன்றது' என்றால் உவமை, 'அப்பா ஓர் இடி' என்றால் உருவகம் என்பது இந்த வயதில்தான் எனக்கு விளங்கியது. உயர்வு நவிற்சிக்கு, 'அப்பா கத்தினால் எட்டாவது மாடி லிஃப்ட் தானாகக் கீழே வந்துவிடும்' என்று போட்டிருக்கிறாய். பிரேக் விடாமல் எந்த லிஃப்ட்டும் அசையாது. எல்லா உதாரணத்துக்கும் நீங்கள்தான் கிடைத்தீர்களா என்று வாத்தியாரம்மா சிரித்தார். போகட்டும் என்று விட்டேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை அப்படி விட முடியவில்லை. கதையில் இருப்பவருக்குத் தெரியாதது படிப்பவருக்குத் தெரிந்திருப்பது நாடக முரண் என்கிறாய். அதற்கு உன் உதாரணம்: 'தாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பப்போவதில்லை என்று மருத்துவர் மகளிடம் சொல்லிவிட்டார். தந்தைக்குத் தெரியாது. மனைவி ஏறி இறங்கச் சிரமப்படக் கூடாதென்று அவர் கட்டிலின் கால்களை அறுத்துக்கொண்டிருக்கிறார்.'

ஆறு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் படித்த பிறகு, இதை நான் தெரிந்துகொள்கிறேன்.

அதில் ஒன்றை விட்டுவிட்டாய். கட்டில் காலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ. "நாலு அங்குலம் குறைச்சா போதுமாப்பா?" என்று கேட்டதும் நீ. அஞ்சாவே இருக்கட்டும், அவள் குட்டை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சிரிக்கிறாய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ரம்பத்தூளைக் கூட்டி அள்ளியதும் நீதான்.

தெரிந்திருந்தால் ரம்பத்தைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் போவதற்கு முன்னிருந்த அந்த இரண்டு நாள் எனக்குச் சேர வேண்டியது. அதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன். கேட்காதே.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உன் அம்மாவுக்கும் தெரியுமா? "அப்பாகிட்ட சொல்லாதே" என்று சொன்னது அவளா, நீயாகவே மறைத்தாயா? அவள்தான் என்றால், என் கத்தலுக்குப் பயந்தா, வேறு எதற்காகவா? பதிலைத் தபாலில் எழுதாதே. நேரில் வந்து சொல். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அடுத்த பதிப்பில் அந்த உதாரணத்தை எடுக்க வேண்டாம். மறுமுனையைப் பிடித்தது யார் என்பதையும் சேர்த்துவிடு.

இன்னும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்கிறார் வாத்தியாரம்மா. வைக்க மாட்டேன். ஆனால் என் முட்டிக்கு இந்த உயரம் சரிப்படவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

குழந்தைக்கு என் ஆசி. உனக்கும்தான்.

அப்பா