நடைதூரத்துக் கீரை

1988 மார்ச் 5, சனி

சந்தைக்குப் போய்ப் பாதிப் பையோடு திரும்பினேன். உருளைக்கிழங்கு தென்னாப்பிரிக்காவாம். பூண்டு சீனா. வெங்காயம் எங்கேருந்து என்று கேட்டால் கடைக்காரி கடல் பக்கம் கையை நீட்டி, "லபா, மதாம்" என்கிறாள். அங்கேருந்தாம்! இந்தத் தீவில், காத்ர் போர்னில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் கடைசியில் கடல்தான். உள்ளூர்க் காய் இல்லையா என்றால் ஒரு முட்டைக்கோஸை எடுத்துக் காட்டுகிறாள். மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாய் என்னமோ படிந்திருக்கிறது. முகர்ந்தேன், குமட்டியது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இவர் தன் பங்குக்கு மெழுகு பூசின ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறார். "கப்பலேறி வந்ததை நான் தொட மாட்டேன்" என்றேன். "நாமளே பிளேன் ஏறி வந்தவாதானேடி, ரமா" என்கிறார். கியூர்பிப் காலேஜில் கணக்கு வாத்தியார். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

மெட்ராஸில் இரண்டு தடவை தங்கவில்லை. இது மூணாவது, இப்போது மூணாம் மாசம். போபாலுக்கு அப்புறம் பூச்சிமருந்து விற்கிற கடைப் பக்கமே நான் போவதில்லை. ஒரு பிடி கீரை, மருந்து அடிக்காத கீரை. இதைக் கேட்பது அவ்வளவு பெரிய பேராசையா?

மார்ச் 13, ஞாயிறு

மலைக்கோயிலுக்குப் போனோம். நான் படியேறவில்லை, கீழேயே நின்று கும்பிட்டேன். அடிவாரத்தில் ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது! நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். தோட்டக்காரர் ஐயாசாமி, இங்கேயே பிறந்த தமிழர். கோயிலில் முருகன் பாட்டு ஒரு வரி விடாமல் பாடுகிறார், ஆனால் தமிழில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் திணறுகிறார். பேச்சு முழுக்கக் கிரியோல். என் கிரியோலோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்.

அவர் மனைவியும் மகள் நதினும் குனிந்து, இலை இலையாகப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்: "மருந்து... போடுவீங்களா?" பலமாகத் தலையை ஆட்டினார். "மருந்து? இல்லே, இல்லே, அம்மா! மருந்து இல்லே!" சிரிப்பு வேறு. கிடைத்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் இவரிடம் பீற்றிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 16

முளைக்கீரை மசியல். இங்கே அதற்கு 'ப்ரெத் மலபார்' என்று பெயராம், நம்மவர்கள் கீரை. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 9, சனி

ஐயோ. காலிஃப்ளவர் கறியில் புழு. பாதி தின்றபிறகு பார்க்கிறேன். குடல் வெளியே வருகிறவரை வாந்தி. இனி அந்த வாணலியில் சமைக்க மாட்டேன்.

சாயங்காலம் நேரே தோட்டத்துக்கே போய்விட்டேன். ஐயாசாமிக்குப் புழு என்றால் தெரியவில்லை. விரலை நெளித்து நெளித்துக் காட்டினேன். "ஆ! செனி!" என்றார். "நாங்க வருஷம் பூரா விரதம் மாதிரி. காய்ல உயிர் இருக்கப்படாது. ஒண்ணுகூட" என்றேன். விரதம் என்ற வார்த்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. காவடிக்குப் பத்து நாள் அவரும் இருப்பவராயிற்றே. முகமே மாறிவிட்டது. "விரதம்" என்று கையைக் கூப்பினார். இனிமேல் இருக்காதாம். நல்ல மனுஷர், கோபமாகப் போன எனக்கே வெட்கமாகிவிட்டது.

மே 7, சனி

நதினையும் அவள் அம்மாவையும் காணோம். இரண்டு பேரும் துணி பாக்டரிக்குப் போகிறார்களாம், வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறதாம். வயலுக்கு ஆள் யார் வருகிறார்கள்? ஐயாசாமி ஒண்டியாள். ஆனாலும் என்ன கீரை! என்ன கோஸ்! ஒரு ஓட்டை இல்லை. வரப்போரம் ஒரு பாத்தியைக் காட்டி, "அம்மாக்கு. விரதம்" என்றார். எனக்கே எனக்கென்று தனிப் பாத்தி. இவரிடம் சொன்னேன். "ஜமீன்தாரிணி" என்று கும்பிடு போட்டார்.

ஐந்தாம் மாசம். உள்ளே மீன் புரளுகிற மாதிரி அசைவு தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

மே 28, சனி

கோஸின் வெளி இலைகளைப் பக்கத்து வீட்டு மொனிக்கின் கோழிகளுக்குச் சுவருக்கு மேலாகப் போடுவது வழக்கம். இன்று காலை இரண்டு கோழி செத்துக் கிடந்ததாம். வாயோரம் நுரை. மொனிக் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "இனிமே இலை போடாதே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் காய்ல மருந்தே கிடையாது, தெரியுமா?"

"உன் காயைப் பூச்சிகூடத் தொடல, மதாம். ஏன்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோழிச் சீக்காயிருக்கும். மழை வேறு விடாமல் பெய்கிறது. சந்தையில் கண்டதையும் வாங்கித் தின்கிறவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 4

மூன்று நாளாகத் தலைவலி. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் சிரித்தார். பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜமாம். கீரை நிறையச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

ஜூன் 5

மொனிக் கேட்டது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஏன் தொடல? ஐயாசாமி பொறுக்கியிருப்பார். ஒற்றை ஆளாகவா? பொறுக்கியிருப்பார்.

ஜூன் 18, சனி

ஐயாசாமிக்குக் கை நடுங்குகிறது. கட்டுக் கட்டும்போது நார் நழுவி நழுவி விழுந்தது, நான்தான் முடிச்சுப் போட்டேன். கண்கள் சிவந்து நீர் வழிகிறது. "குளிர்" என்றார். குளிர்தான், இங்கே ஜூன் ஜூலைதானே குளிர்காலம், சட்டைக்கு மேல் சட்டை போட்டிருக்கிறேன். ஆனால் என் கை நடுங்கவில்லையே.

வாய்க்காலில் தவளைச் சத்தமும் இல்லை. முன்னே இருந்ததா? ஞாபகமில்லை. மனசு எதையாவது கிளறிக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 3, ஞாயிறு

கை ஓடவில்லை. எழுதிவிட வேண்டும்.

கோயிலுக்குப் போன கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்குள் நுழைந்தேன். என் பாத்தியில்தான் நின்றுகொண்டிருந்தார். முதுகில் பம்பு. வெறுங்கால். மூக்கில் துணிகூட இல்லை. புகை மாதிரி என் கீரை மேலே... அந்த வாசனை, அன்றைக்குச் சந்தையில் வந்த அதே வாசனை.

கத்திவிட்டேன். "மருந்தா அடிக்கறேள்! மருந்து இல்லேன்னு சொன்னேளே!"

அவருக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பம்பைத் தொட்டுக் காட்டி, "இது மருந்து இல்லே, அம்மா. இது ப்ரொட்வி" என்றார். பிறகு நெற்றியில் கையை வைத்து, "காய்ச்சல்... மருந்து. இருமல்... மருந்து. சாமி கொடுக்கறது மருந்து. இது ப்ரொட்வி. செனி சாகும்."

அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான், ஆளைப் பிழைக்க வைக்கிறது. அன்றைக்கு, தன் வீட்டில் யாருக்காவது உடம்புக்கா என்று நான் கேட்டதாக நினைத்துத்தான் அப்படிச் சிரித்திருக்கிறார். ஊரெல்லாம் அடிப்பதுதானாம். பூச்சி பொறுக்க நதின் இல்லை, அவள் அம்மா இல்லை. ஓட்டலுக்குப் போகிற காய்க்கும் இதேதான்.

இதோடு விட்டிருக்கலாம். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம், மற்ற பாத்திகளைக் காட்டி ஒரு விரலை நீட்டினார். என் பாத்தியைக் காட்டி இரண்டு விரல். "அம்மாக்கு ரெண்டு தரம். விரதம். ஒரு உயிர் இல்லே." பறிக்கிறதுக்கு முதல் நாளும் ஒரு தரம், நிச்சயத்துக்கு. இத்தனையும் பெருமையாகச் சொல்கிறார்.

நானேதானே கேட்டேன். விரலை நெளித்துக் காட்டி, நானேதானே கேட்டேன்.

ஜூலை 4

இவரிடம் சொன்னேன். கேலி பண்ணவில்லை. வீட்டிலிருந்த காயையெல்லாம் அள்ளிப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான்தான் குழாயை மூடினேன்.

ஜூலை 9

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பெயர் என்ன என்றார், அந்தப் ப்ரொட்விக்கு. இவர் போய் ஐயாசாமியைக் கேட்டால் டப்பாவில் பெயரே இல்லை. யாரோ பெரிய பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்ததாம். "குழந்தைக்கு ஏதாவது ஆகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி என்ன வேகம்! இவரும் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 12

ஐயாசாமி வாசலில் வந்து நின்றார். யாரோ விளங்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் வெளியே போகவில்லை. போயிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன், எந்த பாஷையில்?

ஜூலை 14

சாதம், பால் பவுடர், டின் பட்டாணி. எல்லாம் கப்பலில் வந்தது. அதுகளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எதை எடுத்தாலும் முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறேன். இவர் ஊட்டிவிட்டால்தான் இறங்குகிறது.

ஜூலை 20

இன்று அசைவு குறைச்சல். தூங்குகிறது போலிருக்கிறது.

ஜூலை 21

காலையிலிருந்து இல்லை. இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். தட்டிக் கூப்பிட்டேன்: எழுந்திருடி கண்ணா, அம்மா கூப்பிடறேன் பாரு.

வண்டி கூப்பிட இவர் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 1, திங்கள்

அந்த மருந்தாலா, முன் இரண்டைப் போலத் தானாகவா, சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சொல்ல முடியாதாம். சரி.

பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்குச் சுரக்கிறது. துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள் நர்ஸ், கட்டியும் வலி கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அனல். அம்மா மெட்ராஸிலிருந்து போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுடி, வத்திடும்."

குளிர்காலத்தில் மல்லிகைக்கு எங்கே போவது? இவர் எங்கெங்கோ அலைந்து, மத்தியானத்துக்கு மேல் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நான் பிரித்துக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தக் குளிரில் இத்தனை பூ எதுக்கு, வீட்டில் என்ன விசேஷம் என்று பூக்காரி கேட்டாளாம்.

"பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லிட்டேன், ரமா" என்றார். அவள் சந்தோஷப்பட்டு இன்னும் ஒரு கைப்பிடி போட்டாளாம்.