நான்காவது பொருளுக்கு வராத கூட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர, அது எப்போதும் போலத் தனி வழியில் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் முதலில் மருந்தைச் சாப்பிடு, பிறகு படி. வரும் வியாழக்கிழமை உங்கள் நூலக நிர்வாகக் குழு கூடுகிறதாம், உன் நடமாடும் நூலக வண்டியை நிறுத்திவிடலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்களாம், அம்மா சொன்னாள். குழுவைப் பற்றி நீ போனில் குமுறும்போதெல்லாம், பெரியவர்கள் ஏதாவது காரணத்தோடுதான் சொல்வார்கள், அனுசரித்துப் போ என்று நான் சொல்லிவந்தேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று கேள். இங்கே நம் நூலகக் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஒரு இடம் காலியாக இருந்தது, வேறு யாரும் வராததால் என்னைப் போட்டுவிட்டார்கள். உனக்குச் சொல்லவில்லை, சிரிப்பாய் என்று பயம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைமை நூலகர் ஒரு தடித்த உறையை அனுப்பிவிட்டார். உன் வயதுப் பெண்தான் அவர், மெலிந்த உடம்பு, பொறுமை மட்டும் யானை அளவு. அந்த உறை நல்ல கனமாக இருந்ததால் காற்றில் அடிக்கிற ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் அப்படியே கூட்டத்துக்கும் போனேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், காலமெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், மூடச் சொல்ல அவருக்கு வராது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால் இது, வேறு யாராவது ஓட்டினால் சும்மா இருக்குமா. உட்கார்ந்த நாற்காலி கிறீச்சென்றது, அந்த விஷயத்தையே பிடித்துக்கொண்டேன். எத்தனை நாற்காலி, எந்த வருடம் வாங்கியது, யார் பார்த்து வாங்கினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது சார், மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நான் மூன்றாம் பக்கத்தைத் தேடுவது போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள், முடிவெடுக்கப் போதிய உறுப்பினர்கள் இல்லை என்று கூட்டம் கலைந்தது. நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருளுக்கு நாங்கள் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமை அடித்தேன், அவள் ஜன்னலுக்கு முட்டாக இருந்த உறையைப் பார்த்தாள்.

நான்காவது பொருள் என்ன தெரியுமா, வாசிப்பறையை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கும் அனுமதியை நீட்டிப்பது. நீட்டிக்காததால் அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்கே பூட்டு. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் நடந்துபோனேன், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்து ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே அறையாம், ஆறு பேராம். ஏன் பூட்டிவிட்டார்கள் என்று ஒன்றும் அறியாதவன் போலக் கேட்டேன். “கூட்டத்துல யாரோ ஒருத்தர் நாற்காலியைப் பத்தியே பேசிட்டாராம் சார்,” என்றாள். அப்படியா, யார் அது என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினேன், முழங்கால் வலிக்கிற வயதில் அவ்வளவு வேகமாக நடந்தது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் தலைமை நூலகரிடம் போய், நான்தான் என்றேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், டீ வாங்கிக் கொடுத்தார். நாற்காலிகளை நீங்களே பார்த்துத் தாருங்கள் சார் என்று வேலையையும் என் தலையில் கட்டினார். நாற்பத்திரண்டு நாற்காலிக்கும் திருகு முடுக்கினேன், பேசுவதற்குத் தெம்பே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அவர் ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் செய்து எதில் சந்தேகம் என்று கேட்டார், சந்தேகம் இருந்ததோ இல்லையோ, கேட்டார்களே என்று எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. முடிவு வேண்டிய விஷயத்தை முதல் பொருளாகப் போட்டு, நாற்காலி திரைச்சீலை எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினார். நேற்று முன்தினம் கூட்டம். ஆறே நிமிடத்தில் அனுமதி கிடைத்தது, நேற்று எட்டு மணி வரை விளக்கு எரிந்தது. நடுவில் ஒருவர் திரைச்சீலையின் நிறத்தை ஆரம்பித்தபோது, முதலில் இதை முடிப்போம் என்று சொன்னது உன் அப்பாதான், நம்பு. அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தீர்களாமே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நீயும் இதையெல்லாம் செய். உங்கள் குழுவினர் கெட்டவர்கள் இல்லை மகளே, அனுப்பியதைப் படிக்காமல் வருகிறார்கள், அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வண்டித் திட்டத்தை எழுதி முடித்ததும் முதல் பிரதியை எனக்குத்தான் அனுப்பினாய். படித்தேன், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னேன். படிக்கவில்லை. நேற்றுத்தான் பீரோவிலிருந்து எடுத்து முழுதும் படித்தேன். பதினோராம் பக்கத்தில், நூலகத்துக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் கிடைக்காத குழந்தைகளுக்காக இந்த வண்டி என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் தூங்குவேன், எழுப்பினால் கோபிப்பேன் என்று சின்ன வயதில் நீ தனியாகவே நூலகத்துக்கு நடந்துபோவாய். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.

வியாழக்கிழமை நல்லபடியாக நடக்கட்டும், உன் சொல் எடுபடட்டும். திங்கட்கிழமையே எல்லோருக்கும் போன் செய்ய மறக்காதே. பதினோராம் பக்கத்தை நீயே வாய்விட்டு வாசித்துக் காட்டு, அவர்களிலும் தூங்கிய அப்பாக்கள் இருப்பார்கள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா