குடுமி அறுத்த கதவு

மாமா,

மேற்கு மலையில் இரண்டு நாளாக மழை. ராஜபாளையத்துக்குச் சாரல்தான் வந்தது. ஆனாலும் இன்று காலை பூகோளப் புத்தகத்தை விரித்துக் குனிந்தபோது மேசையிலிருந்து புளி வாசம் எழுந்தது. வெயில் நாளில் இந்தப் பலகைக்கு ஒரு வாசமும் கிடையாது. ஈரம் பட்டால் மட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உங்கள் வீட்டு அரங்குக்குள் நிற்பது போல் இருக்கிறது. அந்தச் சின்ன இருட்டறையின் கதவாக இது தொங்கிய காலத்தில் எத்தனை வருஷத்துப் புளியைக் காத்ததோ!

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நீங்கள் இருந்தவரை நான் ஒரு கடிதமும் போட்டதில்லை. போட்டிருந்தால் யாரையாவது நிறுத்திவைத்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் பெரியவளானபோது, தாய்மாமன் முறைக்கு நீங்கள்தான் பச்சை ஓலை வெட்டி வந்து எங்கள் முற்றத்தில் குச்சு கட்டினீர்கள். பதினாறு நாள் நான் அதற்குள் இருக்க வேண்டும். புத்தகத்தைத் தொடக்கூடாது என்று அம்மா என் பையை மச்சில் ஏற்றிவிட்டாள். ஓலைக்கு வெளியே இருந்துகொண்டு நீங்கள் கேட்டீர்கள்.

"ஏட்டி, சீருக்கு என்ன வேணும்? பட்டா, கொலுசா? வெக்கப்படாமச் சொல்லு."

"அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாக மாமா. ஏழாவதோட போதும்னுட்டாக."

ஓலை முடையும் சத்தம் நின்றது. "நீங்க சொல்லுங்க மாமா" என்றேன்.

"நான் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன். நான் சொன்னா மச்சான் கேப்பாகளா?" என்றீர்கள். மறுபடி முடைந்துகொண்டே, "அழாத. அழுதா ஓலை நனைஞ்சுரும்" என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. விளையாட்டாகப் பேசித் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் சீர் வந்தது. மேளத்துக்குப் பின்னால் பெண்கள் தேங்காய், பழம், மஞ்சள் என்று தட்டு தூக்கி வந்தார்கள். கடைசியாக உங்கள் மாட்டுவண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிவந்து இங்கே அரைவை ஆலையில் இறக்கும் அதே வண்டி. நான் கூடத்தில் மணையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெருவும், எதிரே வாசல் நடை கூடத்துக்குள் திரும்பும் இடமும் தெரியும். வண்டியிலிருந்து நீங்களும் இன்னொருவரும் இறக்கிய சாமானைப் பார்த்து மேளக்காரரே ஒரு நொடி கையை நிறுத்திவிட்டார்.

அம்மா பதறினாள். "ஏலே கூறுகெட்டவனே, சீருல கதவையா கொண்டாருவாக?"

"கதவு இல்லக்கா, மேசை."

"காலு முளைச்ச கதவுன்னு சொல்லு மாப்பிள!" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். உங்களோடு வந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "அவிய கதவைக் கழட்டுன அன்னைக்கே வெள்ளாடு உள்ள போயிருச்சு. இனிமே அரங்குக்கு நாந்தான் கதவு" என்றார்.

பூவரசுப் பலகை, கதவு வளையத்தைக்கூடக் கழற்றவில்லை. உடைந்த வண்டியின் ஏர்க்காலை நாலாக அறுத்துக் கால் வைத்திருந்தீர்கள். கதவு சுழல்வதற்காக மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்குமே குடுமி, அந்த இரண்டும் அப்படியே இருந்தன. இவ்வளவு வேலை செய்தவர் அதை மட்டும் அறுக்க மறந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

எழுதும் மேசை எதற்கு என்று புரிந்ததோ என்னவோ, அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் தாய்மாமன் சீரை வாசலோடு திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது. சபையில் கொண்டுவந்து வைத்தே ஆக வேண்டும். நீங்கள் மேசையை ஒருக்களித்துப் பிடித்து உள்ளே நுழைந்தீர்கள். நடை திரும்பும் இடத்தில் குடுமி சுவரைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. தட்டு தூக்கிய பெண்கள் தெருவில், தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் கூடத்தில். நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது.

"கதவா இருந்தப்பத்தான் வழியை அடைச்சுது. மேசையான பொறவும் அடைக்குதே!" என்றார் பெரியப்பா.

அப்பா எழுந்து போனார். சுவரிலிருந்து உதிர்ந்த காரையைக் காலால் ஒதுக்கினார். "அந்தக் குடுமியை அறுத்துருங்க மாப்பிள" என்றார்.

நீங்கள் மேசையை விடாமல் பிடித்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "அறுத்துட்டா பொறவு இது கதவாகாது மச்சான். திருப்பிக் கொண்டுபோய் மாட்ட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா உங்களைப் பார்த்தார். பிறகு மணையில் இருந்த என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த வெற்றிலை கசங்கிவிட்டது.

"ஆக வேண்டாம். அறுங்க" என்றார்.

ரம்பம் தேடி யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. அது உங்கள் வண்டியில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது. அறுத்து முடித்ததும் முன்பக்கத்தை அப்பாவே பிடித்து உள்ளே தூக்கி வந்தார்.

குச்சைப் பிரித்து மூன்றாம் நாள் காலை அப்பா என்னிடம், "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா? வீட்டை அடைச்சுக்கிட்டு அம்புட்டுப் பெரிய மேசை கெடக்கு. ஒங்க அம்மாவா உக்காந்து எழுதப்போறா?" என்றார். நான் தலைகூட ஒழுங்காக வாராமல் ஓடினேன்.

மேசை வந்ததே தவிர நாற்காலி இல்லை. ஆலைக் கணக்கர் மேசையின் உயரத்தைக் கண்ணால் அளந்துவைத்துச் செய்திருந்தீர்கள். தரையில் உட்கார்ந்தால் என் மூக்கு பலகையைத் தாண்டாது. ஒரு மாதம் நின்றுகொண்டே எழுதினேன். பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அங்கே ஒரு சாதிக்காய்ப் பலகைப் பெட்டி கவிழ்த்துக் கிடந்தது. யார் போட்டது என்று கேட்டதற்கு அம்மா, "ஒங்க அப்பாவுக்கு வேற வேலை என்ன" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனாள்.

அந்த வருஷப் பங்குனியில் உங்கள் வண்டியில் உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தபோது, சீராக மேசை ஏன் என்று கேட்டேன். "ஆலையில நான் எப்பவும் மேசைக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன். அந்தப் பக்கம் இருக்கிறவரை யாரும் எந்திரின்னு சொல்லி நான் பாத்ததில்ல" என்றீர்கள். குடுமியை அறுக்க மறந்துவிட்டு ரம்பத்தை மட்டும் ஏன் கொண்டுவந்தீர்கள் என்றும் கேட்டேன். மாட்டைத் தட்டிவிட்டுச் சிரித்தீர்கள்.

"மறக்கலட்டி. நான் அறுத்தா அது என் வேலை. ஒங்க அப்பா சொல்லி அறுத்தாத்தான் அது அவிய வார்த்தை. நடையில இடிக்கும்னு முதல்லயே அளந்துட்டேன்."

"அப்பா வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"திருப்பி மாட்டிட்டு, ஒங்க அத்தைகிட்ட நல்ல பேரு வாங்கியிருப்பேன்."

இதைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மாசியில் உங்கள் வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்த பிறகு பெருமையாகச் சொல்ல வரவில்லை. அரங்கு வாசலில் இன்னும் கதவுக்குப் பதில் கோணிச் சாக்குதான் தொங்கியது. அதை ஒதுக்கிக்கொண்டு உங்கள் மகள் பேச்சி வெளியே வந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள், நாலாவதோடு நின்றவள். அழுது ஓய்ந்த முகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எட்டாவதுல என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, "எனக்குச் சீர் கொண்டாரத் தாய்மாமன் கெடையாது. எங்க அம்மாகூடப் பொறந்தவுக யாருமில்லைல்லா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

மாமா, உங்கள்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான். எங்கள் வீட்டு நடையை அளந்த நீங்கள் உங்கள் வீட்டுக்குள் பார்க்கவில்லை. ஒருவேளை பார்த்தும், நாளைக்கு என்று விட்டிருக்கலாம். உங்களிடம் கேட்க முடியாத கேள்வியாக அது நின்றுவிட்டது. நானும்தான் பார்க்கவில்லை. எத்தனை லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன்! பேச்சியிடம் என் மார்க்கைச் சொல்லியிருக்கிறேனே தவிர, நீ படிக்கிறாயா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

அத்தையிடம் பேசினேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கி அவள் படிக்கட்டும் என்றேன். "ஒங்க அப்பா வந்து கேட்டா அனுப்புதேன். சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் பொம்பளைப் பிள்ளையை அனுப்ப முடியுமா?" என்றார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதங்களைக் கடத்திவிட்டேன். பள்ளியில் கட்டுரை எழுதுவது போல ஐந்தாறு காரணங்கள் எழுதி மனப்பாடம் செய்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா சாரல் படாமல் பருத்தி விதையை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மனப்பாடம் செய்ததில் ஒன்றையும் சொல்லவில்லை.

"பேச்சி மறுபடி படிக்கணும்னு ஆசைப்படுதா அப்பா. அவளுக்குத் தாய்மாமன் இல்லையாம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து முகத்தைத் துடைத்தார். நாக்கு நுனிவரை வந்த காரணங்களை விழுங்கிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் மாமா! உங்களுக்கு அன்று மேசையின் பாரமும் கையில் இருந்திருக்கிறதே.

"அத்தை புருசன் நான் ஒரு மாமன் இருக்கேம்லா" என்றார் அப்பா. துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "வண்டி கட்டிக்கிட்டுப் போய்க் கூட்டியாரணும்னா வெள்ளிக்கிழமைதான் தோது" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அது அவர் வார்த்தையாகவே இருக்கட்டும் என்று அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.